பிள்ளைகளின் மனநோவும் பரிகாரமும்

பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் நாம் ஒரு கணமும் தாமதிப்பதில்லை. நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறோம். வைத்தியரிடம் அழைத்துச் செல்கிறோம். அவர் தந்த மருந்தை வேளை தவறாமல் கொடுக்கிறோம். காய்ச்சல் வந்தது பிள்ளையின் குற்றம் என்று எவரும் சொல்வதில்லை. ஆனால் அதே பிள்ளை எட்டு வயதில் பள்ளிக்குப் போக மறுத்து வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு கதறினால், பன்னிரண்டு வயதில் வீட்டுப் பணத்தைத் திருடினால், பதினைந்து வயதில் யாரோடும் பேசாமல் இருட்டறையில் முடங்கிக் கிடந்தால், நமக்கு முதலில் வருவது கோபம். அடுத்து வருவது வெட்கம். உதவி தேடவேண்டும் என்ற எண்ணம் வருமானால், அது கடைசியாகத்தான் வருகிறது. இடைப்பட்ட காலத்தில் பிரம்பும், தாயத்தும், ‘வளர்ந்தால் சரியாகிவிடும்’ என்ற சமாதானமும் தத்தம் கைவரிசையைக் காட்டிப் பார்த்துவிடுகின்றன.

இவற்றுள் அந்தச் சமாதானம் பல சமயங்களில் பலித்துவிடுவதும் உண்டு என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டு வயதுக் குழந்தை தரையில் புரண்டு அழுவதும், நான்கு வயதுக் குழந்தை இருட்டுக்கு அஞ்சுவதும், பதின்மூன்று வயதுப் பையன் தந்தையின் சொல்லுக்கெல்லாம் எதிர்ச்சொல் சொல்வதும் நோயல்ல; வளர்ச்சியின் படிகள். அப்படியானால் எதைக் கண்டு கவலைப்படுவது? உளநூலார் மூன்று கேள்விகளைக் கேட்கிறார்கள். தொல்லை எவ்வளவு காலமாக நீடிக்கிறது? வீட்டில் மட்டுமா, பள்ளியிலும் தெருவிலுமா? அதனால் பிள்ளையின் படிப்பு, உறக்கம், நட்பு ஆகியவை எவ்வளவு கெட்டிருக்கின்றன? பல வாரங்கள் நீடித்து, ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தலைகாட்டி, அன்றாட வாழ்க்கையை முடக்கும் தொல்லையைக் ‘குறும்பு’ என்றோ ‘கூச்ச சுபாவம்’ என்றோ தள்ளிவிட முடியாது.

இத்தகைய பிள்ளைகள் அபூர்வமானவர்களும் அல்லர். 2015-16-ஆம் ஆண்டுகளில் பெங்களூரு ‘நிம்ஹான்ஸ்’ நிறுவனத்தார் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, 13 முதல் 17 வயது வரையுள்ளோரில் நூற்றுக்கு 7.3 பேருக்கு ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு காணப்பட்டது. நாற்பது மாணவர் அமர்ந்திருக்கும் ஒரு வகுப்பறையைக் கற்பனை செய்துகொண்டால், அவர்களில் ஏறத்தாழ மூன்று பேர் என்று கணக்காகும். அந்த மூவரில், பெஞ்சியைத் தட்டிக் கலகம் செய்யும் ஒருவனை ஆசிரியர் உடனே கண்டுகொள்வார். கடைசி வரிசையில் சத்தமின்றி உட்கார்ந்து, எந்தக் கேள்விக்கும் கை தூக்காமல், எவருக்கும் தொந்தரவு கொடுக்காமல் வாடுகின்ற சிறுமியைக் காண்பதுதான் கடினம். நல்ல பிள்ளை என்ற பெயரே அவளுக்குக் கிடைத்திருக்கும்.

பிள்ளைகளின் நடத்தைக் கோளாறை முறையாக ஆராயும் முயற்சி, வேடிக்கையாகத்தான் தோன்றும், நீதிமன்றத்தின் வாசலில் தொடங்கியது. அமெரிக்காவில் சிகாகோ நகரத்துச் சிறுவர் நீதிமன்றத்துக்குத் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்த பிள்ளைகளை ஆராய்வதற்காக 1909-இல் ஒரு நிலையம் தொடங்கப்பெற்றது. அதன் தலைவர் வில்லியம் ஹீலி என்ற மருத்துவர். குற்றம் செய்பவன் பிறவியிலேயே குற்றவாளி என்ற கருத்து அக்காலத்தில் செல்வாக்குப் பெற்றிருந்தது. ஹீலி அதை ஏற்கவில்லை. ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியாக எடுத்துக்கொண்டார். உடலைச் சோதித்தார்; அறிவுத்திறனை அளந்தார்; வீட்டு நிலையை விசாரித்தார்; பிள்ளை தன் கதையைத் தானே சொல்லும்படி கேட்டார். குற்றத்துக்கு ஒரே காரணம் என்று ஒன்று கிடையாது, பல காரணங்கள் பின்னிக் கிடக்கின்றன என்பதே 1915-இல் வெளிவந்த அவருடைய பெருநூலின் சாரம்.

இந்த முறையிலிருந்தே ‘குழந்தை வழிகாட்டு நிலையம்’ என்ற அமைப்பு தோன்றியது. மனநோய் மருத்துவர், உளநூல் வல்லுநர், சமூகப் பணியாளர் ஆகிய மூவரும் ஒரே பிள்ளையைப் பற்றி ஒன்றுகூடி ஆலோசிப்பது இதன் சிறப்பு. இந்தியாவில் இத்தகைய முதல் நிலையம் 1937-இல் பம்பாயில், அதற்கு முந்தைய ஆண்டில்தான் தொடங்கப்பெற்றிருந்த ஸர் தோராப்ஜி டாடா சமூகப் பணிக் கல்லூரியின் ஆதரவில் ஏற்பட்டது. அக்கல்லூரியையே இன்று டாடா சமூக அறிவியல் நிறுவனம் என்று அழைக்கிறோம். நிலையத்தின் பெயரில் ‘பைத்தியம்’, ‘மனநோய்’ என்ற சொற்கள் இல்லாததைக் கவனிக்க வேண்டும். பிள்ளையை அழைத்துக்கொண்டு படியேறும் தாய்க்கு அதுவே பாதி ஆறுதல்.

இனி, சிகிச்சை என்று எதைச் சொல்கிறோம்? ஊசி உண்டா, மருந்து உண்டா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இரண்டும் தேவைப்படுவதில்லை. அச்சத்தை எடுத்துக்கொண்டு இதை விளக்கலாம்.

1924-இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி, பீட்டர் என்ற சிறுவனைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அவனுக்கு அப்போது மூன்று வயதுகூட நிரம்பவில்லை. முயலைக் கண்டால் அலறுவான். முயல் மட்டுமன்று, கம்பளி மயிர்த்தோல், பஞ்சு ஆகியவற்றைக் கண்டாலும் நடுங்குவான். அச்சமில்லாத வேறு பிள்ளைகளோடு அவனை விளையாட விட்டு, முயலையும் அங்கே வைத்தார்கள். மெல்ல மெல்லத் தேறி வந்தான். அதற்குள் செங்காய்ச்சல் கண்டு மருத்துவமனையில் இரண்டு மாதம் கிடக்க நேர்ந்தது. திரும்பி வரும் வழியில் பெரிய நாய் ஒன்று பாய்ந்து வந்து அவனை மருட்டிவிட்டது. பழைய பயம் முழுவதும் திரும்பிவிட்டது. ஜோன்ஸ் சோர்ந்துவிடவில்லை. பீட்டரை உயரமான நாற்காலியில் அமர்த்தி, அவனுக்கு விருப்பமான தின்பண்டத்தைக் கொடுத்தார். அவன் தின்றுகொண்டிருக்கும்போது, கூண்டிலிட்ட முயலை அறையின் தொலைவான மூலையில் கொண்டுவந்து வைத்தார். எவ்வளவு அருகில் வந்தால் பிள்ளை உண்பதை நிறுத்துவானோ அதற்குச் சற்று முன்னரே முயல் நின்றுவிடும். நாளடைவில் தூரம் குறைந்தது, கூண்டு அகன்றது. முடிவில் முயல் தன் விரல்களை மெல்லக் கறிப்பதையும் பீட்டர் பொறுத்துக்கொண்டான்.

இந்தக் கதையில் நம் கவனத்துக்குரியது ஜோன்ஸ் விடுத்த எச்சரிக்கை. அவசரப்பட்டு முயலைச் சட்டென்று அருகில் கொண்டுவந்தால், முயலின்மீது அன்பு பிறப்பதற்குப் பதிலாகத் தின்பண்டத்தின்மீதே அச்சம் பிறந்துவிடும் என்றார் அவர். நம் வீடுகளில் நடப்பது பெரும்பாலும் இதுதான். நீருக்கு அஞ்சும் பிள்ளையைக் கிணற்றில் தூக்கிப் போட்டால் பயம் தெளியும் என்று நம்புகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அதற்கு நேர்மாறாக, அஞ்சுகிற பொருளைப் பிள்ளையின் கண்ணிலேயே படாமல் ஒளித்து வைப்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டும் பயத்தைப் பெருக்குகின்றன.

பள்ளிக்குப் போக மறுக்கும் பிள்ளையை எடுத்துக்கொள்வோம். காலையில் எழுந்தவுடன் வயிற்றுவலி என்கிறான். பள்ளி மணி அடித்துச் சற்று நேரம் கழிந்ததும் வலி நின்றுவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமையில் வலியே இல்லை. ‘நடிக்கிறான்’ என்கிறது வீடு. நடிப்பல்ல, அச்சம் வயிற்றை உண்மையாகவே பிசைகிறது. இரக்கப்பட்டு ஒரு நாள் வீட்டில் நிறுத்திக்கொண்டால் வலி உடனே குறையும். வீட்டில் இருந்தால் நிம்மதி என்ற பாடத்தை அவன் உடலே அவனுக்குக் கற்பித்துவிடும். ஒரு நாள் ஒரு வாரமாகும், வாரம் மாதமாகும். ஆகையால் இங்கே சிகிச்சையின் முதல் வேலை, அச்சத்துக்குக் காரணம் உண்டா என்று பார்ப்பது. அடிக்கும் ஆசிரியரோ, வழியில் மிரட்டும் மூத்த மாணவனோ, புரியாத பாடமோ இருந்தால் அதை முதலில் நீக்க வேண்டும். பிறகு, காலதாமதமின்றி, படிப்படியாகப் பள்ளிக்குத் திருப்ப வேண்டும். முதல் நாள் பள்ளி வாசல் வரை, அடுத்து, தாய் வெளியே காத்திருக்க ஒரு பாடவேளை, அடுத்து அரைநாள். பீட்டரின் முயல் அறையைக் கடந்து வந்தது போலவே, இங்கே பிள்ளை பள்ளியை நோக்கி அடியெடுத்து வைக்கிறான். ஒவ்வோர் அடியிலும் பயம் ஏறி, தானே தணிவதை அவன் அனுபவிக்க வேண்டும். பயம் தணியும் முன்னர் ஓடிவிட்டால் அந்த அடி வீண்.

அச்சத்தைவிடப் பெற்றோரை அதிகம் அலைக்கழிப்பது முரட்டுத்தனம். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஜெரால்டு பேட்டர்ஸன் என்ற உளநூலார் பல ஆண்டுகள் இதைப் பற்றி ஆராய்ந்தார். அவர் பிள்ளையைத் தம் அறைக்கு அழைத்து ஆராய்வதோடு நின்றுவிடவில்லை. பயிற்சி பெற்ற பார்வையாளர்களை வீடுகளுக்கே அனுப்பி, யார் என்ன சொன்னார், அதற்கு மற்றவர் என்ன செய்தார் என்பதைக் கணத்துக்குக் கணம் குறித்தெடுக்கச் செய்தார். அவர் கண்டது நமக்கும் பழக்கமானதே. தாய் பிள்ளையிடம், ‘கைபேசியை வைத்துவிட்டுப் புத்தகத்தை எடு’ என்கிறாள். பிள்ளை முணுமுணுக்கிறான். தாய் குரலை உயர்த்துகிறாள். பிள்ளை அதைவிட உரக்கக் கத்துகிறான், தட்டைத் தள்ளுகிறான். தாய் களைத்துப்போய், ‘எப்படியாவது போ’ என்று விட்டுவிடுகிறாள். அந்தக் கணத்திலேயே அமைதி பிறக்கிறது. கத்தினால் காரியம் ஆகும் என்பதைப் பிள்ளை கற்றுக்கொண்டான். விட்டுக்கொடுத்தால் அமைதி கிடைக்கும் என்பதைத் தாய் கற்றுக்கொண்டாள். இருவரும் ஒருவருக்கொருவர் ஆசிரியராகிவிட்டார்கள். வேறொரு நாள் தாய் பிள்ளையைவிட உரக்கக் கத்தி, ஓர் அறையும் கொடுக்கிறாள், பிள்ளை அடங்குகிறான். அன்று தாய் கற்றது, அடித்தால்தான் கேட்பான் என்பது. இப்படி நாள்தோறும் பலமுறை நடக்கும் சிறு சண்டைகளில்தான் முரட்டுப் பிள்ளை உருவாகிறான் என்று 1982-இல் வெளியிட்ட நூலில் பேட்டர்ஸன் விரிவாக எடுத்துரைத்தார். தாய் கெட்டவள், பிள்ளை கெட்டவன் என்று அவர் சொல்லவில்லை. இருவரும் ஒரு பொறியில் அகப்பட்டிருக்கிறார்கள்.

பொறி இன்னதென்று தெரிந்தால் விடுவிக்கும் வழியும் தெரியும். ஆகவே இவ்வகைச் சிகிச்சையில் பயிற்சி பெறுபவர் பெற்றோரே. பிள்ளை சில வேளைகளில் நிலையத்துக்கு வருவதுகூட இல்லை. ‘அவனை அழைத்துக்கொண்டு வந்தோம், எங்களுக்குப் பாடம் நடத்துகிறீர்களே’ என்று தந்தையர் கோபித்துக்கொள்வது சகஜம். பாடம் கேட்பதற்கு எளிது, செய்வதற்கு அரிது. முதல் பாடம் தண்டனையைப் பற்றியதே அன்று. நாளுக்குப் பத்து நிமிஷமாவது பிள்ளை தேர்ந்தெடுத்த விளையாட்டில் பெற்றோர் கலந்துகொள்ள வேண்டும். அந்தப் பத்து நிமிஷத்தில் கட்டளையும் கேள்வியும் குறைகூறலும் கூடாது. அடுத்து, பிள்ளை செய்யும் சிறு நன்மையைக் கண்டவுடன் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: ‘தம்பிக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாயே, நன்று.’ நம் வீடுகளில் நன்மை நடக்கும்போது எவரும் பேசுவதில்லை, தீமை நடந்தால் வீடே கூடிவிடும்; அன்புக்கும் கவனத்துக்கும் ஏங்கும் பிள்ளைக்குத் திட்டும் ஒருவகைக் கவனம்தானே! மூன்றாவதாக, கட்டளை சிறிதாகவும் தெளிவாகவும் இருக்க வேண்டும். ‘ஒழுங்காக இரு’ என்பது கட்டளையாகாது. ‘செருப்பை அலமாரியில் வை’ என்பது கட்டளை. இவ்வளவுக்கும் பின்னரே தண்டனை, அதுவும் அடியன்று. சற்று நேரம் விளையாட்டிலிருந்து விலக்கி வைத்தல், அன்றைய சலுகை ஒன்றைக் குறைத்தல் போன்ற, முன்கூட்டியே அறிவித்த, சிறிய, தவறாத விளைவு.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். பிடிவாதத்துக்கு இனி விட்டுக்கொடுப்பதில்லை என்று பெற்றோர் தீர்மானித்த முதல் சில நாட்களில் பிடிவாதம் குறையாது, கூடும். இதுவரை பத்து நிமிஷம் அழுத பிள்ளை அரைமணி நேரம் அழுவான். பழைய சாவியால் பூட்டு திறக்காதபோது நாமும் அதையே பலமாகத் திருகிப் பார்க்கிறோம் அல்லவா? இந்த நாளில் மனம் இளகி விட்டுக்கொடுத்தால், அரைமணி நேரம் அழுதால் கிடைக்கும் என்ற புதிய பாடம் உறுதிப்படும். எப்போதும் விட்டுக்கொடுப்பதைவிட, எப்போதாவது ஒருமுறை விட்டுக்கொடுப்பது பழக்கத்தை ஆழமாக வேரூன்றச் செய்கிறது. லாட்டரிச் சீட்டு வாங்குபவர் இதற்குச் சாட்சி. பாட்டியும் தாத்தாவும் உடன் வாழும் குடும்பத்தில், தாய் மறுத்ததைப் பாட்டி கொடுத்துவிடுவாள். ஆகையால் அவர்களையும் சேர்த்து உட்கார வைத்துப் பேசாத எந்தச் சிகிச்சையும் நம் நாட்டில் நிலைக்காது.

குடும்பத்தைச் சிகிச்சைக்குள் கொண்டுவருவதில் நம் நாட்டுக்கென்று ஒரு பெருமை உண்டு. மனநோயாளரை உறவினரிடமிருந்து பிரித்துப் பூட்டி வைப்பதே வழக்கமாக இருந்த 1950-களில், அமிர்தசரஸ் மனநோய் மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர், நோயாளரின் உறவினர்களையும் வளாகத்தில் கூடாரமடித்துத் தங்கச் செய்தார். வேலூரில் 1957-இல் தொடங்கிய மனநல நிலையமும் குடும்பத்தை உடன் தங்கச் செய்யும் வழக்கத்தைக் கைக்கொண்டது. இன்று அது சட்டமாகவே இருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, பதினெட்டு வயதுக்கு உட்பட்டவரை மருத்துவமனையில் சேர்த்தால் பெரியவர்களிடமிருந்து தனியான இடத்தில் வைக்க வேண்டும். அவருக்கு உரியவர் ஒருவர் உடன் தங்கவும் வேண்டும். எவரையும், எவ்வயதினரையும், சங்கிலியால் பிணைப்பது குற்றம்.

சிறு பிள்ளையிடம் ‘உனக்கு என்ன வருத்தம்?’ என்று கேட்டால் விடை கிடைக்காது. வருத்தம் இருக்கிறது, அதைச் சொல்லும் மொழி இல்லை. விளையாட்டே பிள்ளையின் மொழி. பொம்மைகளும், களிமண்ணும், மணலும், வண்ணக் குச்சிகளும் உள்ள அறையில் பிள்ளையை விட்டு, அவன் போக்கிலே விளையாட விடுவது விளையாட்டுச் சிகிச்சை. வர்ஜீனியா ஆக்ஸ்லைன் என்ற அம்மையார் 1947-இல் எழுதிய நூலால் இது பரவலாயிற்று. பொம்மைத் தந்தையை ஓயாமல் வீட்டுக்கு வெளியே தூக்கி எறியும் பிள்ளையைச் சிகிச்சையாளர் கண்டிப்பதில்லை. ‘அப்பா வெளியே போய்விட வேண்டும் என்று இருக்கிறது உனக்கு’ என்று அந்த எண்ணத்துக்குச் சொல் கொடுக்கிறார். லண்டனில் நாற்பது ஆண்டுக்காலம் பிள்ளைகளுக்கு வைத்தியம் செய்த டொனால்டு வின்னிகாட் என்ற மருத்துவருடைய முறை இன்னும் எளியது. ஒரு தாளில் கண்ணை மூடி ஒரு கிறுக்கல் கிறுக்குவார். பிள்ளை அதை ஏதேனும் ஓர் உருவமாக்க வேண்டும். பிறகு பிள்ளை கிறுக்க, அவர் உருவமாக்குவார். தாள்கள் நிறைய நிறைய, பேச்சும் தானே வந்துவிடும். ஆனால் ஒரு படத்தைப் பார்த்தவுடன் பிள்ளையின் உள்ளத்தையெல்லாம் படித்துவிட்டதாகச் சொல்பவரிடம் நாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். கைரேகை பார்ப்பவருக்கும் அவருக்கும் அதிக வித்தியாசமில்லை.

வாலிபப் பருவத்தின் வாசலில் நிற்கும் பிள்ளைகளிடம் பொம்மை செல்லாது, பேச்சே கருவி. முதல் நாளிலேயே தீர்க்க வேண்டிய கேள்வி, ‘நான் சொல்வதை அம்மாவிடம் சொல்லிவிடுவீர்களா?’ என்பது. நல்ல சிகிச்சையாளர், பெற்றோரும் கேட்கும்படியாகவே இதற்கு விடை சொல்லிவிடுவார்: சொல்வதைக் காப்பாற்றுவேன், உன் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்றால் மட்டும் மறைக்கமாட்டேன், உன்னை யாரேனும் தகாத முறையில் துன்புறுத்தினால் அதையும் மறைக்க இயலாது. இந்தக் கடைசி விஷயத்தில் 2012-ஆம் ஆண்டின் ‘போக்ஸோ’ சட்டம் எவருக்கும் விலக்களிக்கவில்லை. அறிந்தவர் தெரிவித்தே ஆகவேண்டும். நன்றாகப் படித்துக்கொண்டிருந்த சிறுமி காரணமின்றிப் பின்தங்குவதும், உறக்கத்தில் அலறுவதும், ஒரு குறிப்பிட்ட உறவினர் வந்தால் ஒளிந்துகொள்வதும் நடத்தைக் கோளாறாக நமக்குத் தோன்றலாம். அவை அவள் வாயால் சொல்ல முடியாத முறையீடாக இருக்கக்கூடும். மூர்ச்சை போட்டு விழும் பெண்ணைப் ‘பேய் பிடித்தது’ என்று பூசாரியிடம் அழைத்துச் செல்லும் குடும்பங்கள் இக்கேள்வியைக் கேட்காமலே விட்டுவிடுகின்றன. அதுபோலவே, புத்தகத்தைக் கிழித்தெறியும் பையன் எழுத்துக்களைப் பிரித்தறிய முடியாத கற்றல் குறைபாட்டால் தவிக்கலாம். 2007-இல் வெளியான ‘தாரே ஜமீன் பர்’ என்ற இந்திப் படம் அத்தகைய ஒரு சிறுவனை நாடெங்கும் அறியச் செய்தது. காது மந்தமாக இருப்பதே ‘சொன்னபடி கேளாமை’யாகத் தோன்றுவதும் உண்டு. அதனால்தான் நிலையத்தில் முதல் நாளன்று கண்ணையும் காதையும்கூடச் சோதிக்கிறார்கள்.

மருந்தைப் பற்றிக் கேட்டவர்களுக்கு ஒரு சோதனையின் விவரம் சொல்லலாம். மனச்சோர்வுற்ற 12 முதல் 17 வயது வரையுள்ள 439 பேரை அமெரிக்காவில் நான்கு குழுவாகப் பிரித்து, முடிவை 2004-இல் வெளியிட்டார்கள். பன்னிரண்டு வாரங்களுக்குப்பின், மருந்தும் பேச்சு சிகிச்சையும் சேர்த்துப் பெற்றவர்களில் நூற்றுக்கு 71 பேர் தேறினார்கள். மருந்து மட்டும் பெற்றோரில் 61 பேர். எண்ணங்களைத் திருத்தும் பேச்சு சிகிச்சை மட்டும் பெற்றோரில் 43 பேர். மருந்தற்ற வெறும் மாத்திரை பெற்றோரில் 35 பேர். கடுமையான சோர்வில் மருந்துக்கு இடமுண்டு என்பதும், மருந்து மட்டும் போதாது என்பதும் இதனால் விளங்கும். இம்மருந்துகள் தொடக்க வாரங்களில் சில இளைஞருக்குத் தற்கொலை எண்ணத்தைத் தூண்டலாம் என்பதால் மருத்துவரின் நேர்ப்பார்வை இன்றி இவற்றைக் கொடுக்கவும் கூடாது, திடீரென நிறுத்தவும் கூடாது.

நல்லெண்ணம் இருந்தால் போதும், பிள்ளைகளுக்கு உதவிவிடலாம் என்று நாம் எண்ணுகிறோம். இந்த எண்ணத்தைக் கலக்கிவிட்ட வரலாறு ஒன்று உண்டு. அமெரிக்காவில் பாஸ்டன் நகருக்கு அருகேயுள்ள கேம்பிரிட்ஜ், ஸாமர்வில் என்ற இரண்டு ஊர்களில், ரிச்சர்டு காபட் என்ற மருத்துவரின் திட்டப்படி 1939-இல் ஒரு தொண்டு தொடங்கியது. 506 சிறுவர்களை ஒருவருக்கொருவர் ஒத்த 253 இணைகளாகப் பிரித்தார்கள். நாணயத்தைச் சுண்டி, இணையில் ஒருவனுக்கு உதவி, மற்றவனுக்கு ஒன்றுமில்லை என்று முடிவு செய்தார்கள். உதவி பெற்றவன் வீட்டுக்கு ஆலோசகர் மாதம் ஏறத்தாழ இருமுறை சென்றார். படிப்புக்கு உதவி, வைத்திய உதவி, கோடை முகாம் எல்லாம் கிடைத்தன. சராசரி ஐந்தரை ஆண்டுகள் இப்படி நடந்தது. முப்பது ஆண்டுகள் கழித்து ஜோன் மெக்கார்ட் என்ற ஆய்வாளர் அவர்களைத் தேடிச் சென்று விசாரித்து, 1978-இல் முடிவை வெளியிட்டார். உதவி பெற்றவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்டோர், அது தங்களுக்கு நன்மை செய்தது என்றே சொன்னார்கள். ஏடுகள் சொன்ன கதை வேறு. உதவி பெற்றவர்களே மறுமுறை குற்றம் செய்வதில் மிகுந்திருந்தார்கள். குடிப்பழக்கத்திலும் கடும் மனநோயிலும் மிகுந்திருந்தார்கள். இளவயதில் இறந்தவர்களும் அவர்களிலேயே அதிகம்.

ஏன்? இதைப் பற்றி அறிஞர்கள் நெடுங்காலம் வாதித்தார்கள். பின்னர் 1999-இல் மெக்கார்டும் வேறிருவரும் கணக்குகளை மீண்டும் ஆராய்ந்தபோது, கோடை முகாமுக்கு ஒருமுறைக்கு மேல் அனுப்பப்பட்ட சிறுவர்களிடமே தீமை திரண்டு காணப்பட்டது. தவறான போக்குள்ள பிள்ளைகளை ஒன்றாகக் கூட்டி வைத்தால் ஒருவரையொருவர் சிரித்து ஊக்குவித்துத் தவற்றிலேயே பயிற்சி பெற்றுவிடுகிறார்கள். இதே காரணத்தால்தான் ‘திருத்துவதற்கு’ என்று முரட்டுப் பிள்ளைகளையெல்லாம் ஒரே விடுதியில் அடைப்பது ஆபத்தாகிறது. இளைஞரைச் சிறைச்சாலைக்கு அழைத்துச் சென்று, ஆயுள் கைதிகளைக் கொண்டு மிரட்டினால் திருந்துவர் என்ற திட்டமொன்றும் 1970-களில் அமெரிக்காவில் பெரும் புகழ் பெற்றது. அதைப் பற்றிய திரைப்படம் பரிசும் பெற்றது. ஒப்பிட்டு ஆராய்ந்தபோது, சிறையைப் பார்த்து மிரண்டவர்கள் பாராதவர்களைவிட அதிகமாகக் குற்றம் செய்திருந்தார்கள். பரிசு பெற்ற திரைப்படத்தைப் பார்த்தவர்கள் இந்த ஆராய்ச்சியைப் படித்திருக்க மாட்டார்கள்.

நம் நாட்டில் சிறுவர் மனநோய் மருத்துவர்கள் மிகச் சிலரே. அவர்களும் பெரிய நகரங்களில் இருக்கிறார்கள். அப்படியானால் இந்தச் சிகிச்சை யாருக்கு எட்டும்? இதற்கு விடை தேடிய இரண்டு முயற்சிகளைக் குறிப்பிட வேண்டும். டில்லியில் எளிய குடும்பத்துப் பிள்ளைகள் படிக்கும் 6 பள்ளிகளில் 251 மாணவர்களைக் கொண்டு நடந்த சோதனை 2020-இல் வெளியாயிற்று. மனநலப் பட்டம் பெறாத, பயிற்சி மட்டும் பெற்ற ஆலோசகர்கள், சில வாரங்களில் நான்கைந்து சந்திப்புக்களில், பிரச்சினை இன்னதென்று குறித்தல், வழிகளை எண்ணிப் பார்த்தல், ஒன்றைத் தேர்ந்து செய்தல் என்ற மூன்று படிகளை மட்டும் சொல்லிக் கொடுத்தார்கள். படங்களுள்ள சிறு புத்தகத்தை மட்டும் பெற்ற மாணவரைவிட, இவர்களுக்குத் தங்களை வாட்டிய பிரச்சினைகளின் பளு குறைந்தது. மனநோய்க் குறிகளில் மட்டும் அந்த ஆறு வாரத்தில் தெளிவான வேறுபாடு தெரியவில்லை. குறுகிய உதவிக்கு அவ்வளவுதான் வலிமை என்று கொள்ள வேண்டும்.

மற்றொன்று பீகார் மாநிலத்து நாலந்தா மாவட்டத்தில், எழுபதுக்கு மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் நடந்தது. முடிவு 2018-இன் இறுதியில் வெளியாயிற்று. பள்ளிகளை மூன்று வகையாகப் பிரித்தார்கள். ஒரு வகையில் அவ்வூர்ப் பகுதியிலிருந்தே தேர்ந்து பயிற்சியளித்த ஆலோசகர் ஒருவர். இன்னொரு வகையில் அதே வேலையைச் செய்யப் பயிற்சி பெற்ற ஆசிரியர். மூன்றாவதில் வழக்கமான பாடம் மட்டும். சுவர்ப் பத்திரிகை, போட்டிகள், மாணவர் தங்கள் மனக்குறையைப் பெயரின்றி எழுதிப் போடுவதற்கு ஒரு பெட்டி, வேண்டியவருக்குத் தனி ஆலோசனை ஆகியவை ஏற்பாடாயின. ஆலோசகர் இருந்த பள்ளிகளில் மனச்சோர்வும், ஒருவரையொருவர் மிரட்டுவதும், அடிதடியும் குறைந்தன. ஆசிரியரிடம் ஒப்படைத்த பள்ளிகளில் வழக்கமான பள்ளிகளைவிட மாறுதல் ஒன்றும் இல்லை. ஆசிரியர்களைக் குறைசொல்வதற்கில்லை, பாடத்தையும் தேர்வையும் சுமப்பவருக்கு இதற்கு நேரமில்லை. அன்றியும், மதிப்பெண் போடுகிறவரின் கையில் தன் மனக்குறையைக் கொடுக்க எந்த மாணவன் துணிவான்? பிரம்பை 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் வகுப்பறையிலிருந்து விலக்கியிருக்கிறது; உடலை வருத்தும் தண்டனையைப்போலவே மனத்தை வருத்துவதையும் அச்சட்டம் தடுக்கிறது. சட்டம் விலக்கிய பிரம்பு சில ஊர்களில் இன்னும் மேஜைமேலேயே இருப்பதையும் நாம் அறிவோம்.

எங்கே தொடங்குவது என்று தெரியாத பெற்றோர், மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவில் தொடங்கலாம். வீட்டிலிருந்தபடியே பேச வேண்டுமானால், 2022-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் மத்திய அரசு தொடங்கிய ‘டெலி-மானஸ்’ என்ற தொலைபேசிச் சேவையின் எண் 14416, இரவும் பகலும் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம். துன்புறுத்தப்படும் பிள்ளைக்கு 1098. மருத்துவமனைக்குச் செல்லும்போது பள்ளியின் மதிப்பெண் அட்டையையும், தொல்லை எந்த நாளில், எந்த வேளையில், எதற்குப் பின் நேர்ந்தது என்று இரண்டு வாரம் குறித்து வைத்த ஒரு நோட்டுப் புத்தகத்தையும் கையோடு கொண்டு போவது நலம். எங்கே அழைத்துச் செல்கிறோம், எதற்காக என்பதைப் பிள்ளையிடம் முதல் நாளே உண்மையாகச் சொல்லிவிட வேண்டும்; கடைத்தெருவுக்கு என்று சொல்லி அழைத்து வரப்பட்ட பிள்ளை, அறைக்குள் நுழைந்த பின் வாய் திறப்பதற்கு மூன்று சந்திப்புக்கள் ஆகின்றன.